இன்னொரு பழம் எங்கே?

குளச்சலில் ராத்திரி இரண்டு மணிக்கும் டீக்கடை திறந்திருக்கும். காரணம் மீன். கடலுக்குப் போகிறவர்கள், கரைக்கு வருகிறவர்களுக்காகக் காத்திருப்பவர்கள், ஐஸ் வண்டிக்காரர்கள் என்று யாராவது பெஞ்சில் இருப்பார்கள். தூக்கம் வராத என்னைப் போன்ற ஆசாமிகளும் உண்டு.

அன்றைக்குக் கூடுதலாக ஒரு காரணம். பக்கத்து ஊரில் அம்மன் கொடை. கரகாட்டமும், அதற்குப் பின்னால் ஆடல் பாடலும் முடிந்து, செட்டு ஆட்கள் வந்த வேன் கடை முன்னால் நின்றது. நாயனக்காரர், தவில்காரர், பின்னால் மூன்று பெண்கள். ஜிகினா உடுப்புக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்த ஒரு பெண், டீயை ஓரமாக வைத்துவிட்டு உள்ளங்கையில் பேனாவால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும்.

"அண்ணே, துபாய்ல ஒரு ரூம் என்ன வாடகை வரும்?" என்று டீ ஆற்றுகிறவரைக் கேட்டாள்.

அவர் பெஞ்சில் இருந்த பெரியவரைக் காட்டினார். "அந்தப் பாட்டாகிட்ட கேளும்மா. வளைகுடாக் கடல்லயே பாதி ஆயுசு கிடந்தவரு."

"மூணு மாசம் கான்ட்ராக்ட் தாத்தா. ஹோட்டல்ல டான்ஸ். இங்க ஒரு மாசம் ஆடுனாக் கெடைக்கிறது அங்க நாலு நாள்ல கெடைக்கும்னு சொல்றாங்க."

"கெடைக்கும் மக்களே, யாரு இல்லேன்னா? கழிச்சு மிச்சம் எவ்வளவுன்னு சொன்னானா?"

"கழிச்சுன்னா?"

"டீசலு, ஐஸு, சாப்பாடு எல்லாம் போக மிச்சம் உள்ளதுதாம் பங்கு. நீ சொல்லுதது மீன் வெல. நான் கேக்கது பங்கு."

அவள் சிரித்தாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். உள்ளங்கைக் கணக்கு முடியாமலே ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து புத்தக அலமாரி முன்னால் நின்றேன். ஆடிப் பிழைக்கும் பெண்களைப் பற்றி நான் வாசித்த புத்தகங்கள், பார்த்த படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இவற்றில் எது பதில் சொல்லும்? ஊர் விட்டு ஊர் போனால் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? அநேகமாக எதுவும் சொல்லாது. ஏன் சொல்லாது என்பதுதான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டிய விஷயம்.

முதலில் நம்ம சினிமா. 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கரகம், காதல், ராமராஜன், கனகா எல்லாம் ஞாபகம் இருக்கும். ஒரு ஆட்டத்துக்கு அந்தச் செட்டு எவ்வளவு வாங்கியது, நாயனக்காரருக்கு எவ்வளவு, ஆடியவளுக்கு எவ்வளவு என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படத்தில் விடாப்பிடியாகக் கணக்குக் கேட்கிற ஒரே இடம் வாழைப்பழக் காமெடிதான். இரண்டு பழம் வாங்கக் காசு கொடுத்தாயிற்று, கையில் இருப்பது ஒன்று, இன்னொன்று எங்கே? நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் ஆட்டக்காரப் பெண்ணின் வாழ்க்கைக் கணக்கே அதுதான். இரண்டு பழத்துக்கு உழைக்கிறாள், கைக்கு வருவது ஒன்று. இன்னொன்று எங்கே என்று கேட்டால், கேட்டவளையே சுற்றி விடுகிறார்கள்.

பாலாவின் 'தாரை தப்பட்டை' 2016-ல் வந்தது. இளையராஜாவுக்கு ஆயிரமாவது படம். அதில் ஆட்டக் குழு பிழைப்புத் தேடி அந்தமான் வரைக்கும் போகிறது. போன இடத்தில் கூட்டிப்போனவன் கண் வேறு எங்கோ இருக்கிறது. வெளியூர் ஆட்டத்தின் ஆபத்தைத் தொட்ட படம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பாலா அந்த இடத்தில் நின்று நிதானிக்கவில்லை. என்ன பேசிப் போனார்கள், முன்பணம் எவ்வளவு, திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்பதையெல்லாம் விட்டுவிட்டு, நேரே ரத்தத்துக்குப் போய்விடுகிறார். வரலட்சுமி உயிரைக் கொடுத்து நடித்த சூறாவளி என்ற பெண், கடைசியில் வதைபடுவதற்கென்றே படைக்கப்பட்டவள் மாதிரி ஆகிவிடுகிறாள். தியேட்டரில் நாம் 'ஐயோ' என்கிறோம். வெளியே வந்து பரோட்டா சாப்பிடுகிறோம்.

மும்பைக்குப் போகலாம். டான்ஸ் பார்களின் ஊர் அதுதானே. மதுர் பண்டார்கர் 2001-ல் எடுத்த 'சாந்தினி பார்' படத்தில் தபு நடித்த மும்தாஜ், உத்தரப்பிரதேசத்துக் கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, மாமாவோடு மும்பை வந்து சேருகிறவள். வீட்டு அடுப்பு எரிய வேண்டும், மாமா பாருக்கு அனுப்புகிறார். தபுவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கிடைக்க வேண்டிய விருதுதான். எனக்கு அந்தப் படத்தின் மேல் உள்ள ஒரே மனத்தாங்கல் இது: அதில் பணம் என்பது கடைசியில் மகனை மீட்பதற்கு ஒரேயடியாகத் தேவைப்படுகிற பெருந்தொகையாகத்தான் வலுவாக வருகிறது. மாதா மாதம் வருகிற பணமாக வருவதில்லை. ஏழையின் கஷ்டம் அப்படி இடி மாதிரி ஒரே நாளில் விழுவதில்லை. ஒன்றாம் தேதி வாடகை, ஐந்தாம் தேதி பால்காரர், பத்தாம் தேதி வட்டி என்று சொட்டுச் சொட்டாக விழுகிறது. சொட்டைப் படம் பிடிப்பது கஷ்டம், இடியைப் பிடிப்பது சுலபம்.

சுகேது மேத்தாவின் 'மேக்ஸிமம் சிட்டி' 2004-ல் வந்த ஆங்கிலப் புத்தகம். தடித்த புத்தகம், விறுவிறுப்பாகப் போகும். அதில் மோனலிசா என்ற பார் ஆட்டக்காரி வருகிறாள். பெயர் மாற்றப்பட்ட நிஜப் பெண். மேத்தா ஓர் இடத்தில் மும்பை ஆட்டக்காரியின் ஒரு ராத்திரி வருமானத்தை நியூயார்க் ஆட்டக்காரியின் வருமானத்தோடு ஒப்பிட்டு, மும்பைதான் மேல் என்கிறார். படித்தவுடன் வாய் பிளந்தேன். பாட்டா சொன்னதற்கு அப்புறம் யோசித்தால், இதுவும் மீன் விலைதான், பங்கு இல்லை. அதிலும் உச்சத்தில் இருக்கும் ஒருத்தியின் நல்ல ராத்திரியை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒரு தொழிலையே அளக்க முடியுமா? நம்ம கரையில் ஒருவருக்கு ஒருநாள் வலை நிறைய மீன் பட்டது என்பதற்காக, குளச்சல்காரன் எல்லாம் கோடீஸ்வரன் என்று எழுதினால் எப்படி இருக்கும்?

இந்த வரிசையில் என் ஓட்டு சோனியா ஃபலேரோவின் 'பியூட்டிஃபுல் திங்' புத்தகத்துக்கு. 2010-ல் வெளியானது. மீரட்டிலிருந்து சிறுமியாக ஓடி வந்து, மீரா ரோட்டில் ஒரு டான்ஸ் பாரில் ஆடுகிற லீலா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணோடு நாட்கணக்கில் கூடவே இருந்து எழுதியது. லீலா அழுதுகொண்டே இருப்பதில்லை. பொய் சொல்கிறாள், சண்டை போடுகிறாள், தன் சம்பாத்தியத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறாள். வீட்டில் கிடைத்ததைவிட பாரில் கிடைத்த வாழ்க்கை மேல் என்று அவளே எடை போட்டு வைத்திருக்கிறாள். பெற்ற தகப்பனே அவளை விற்றவன் என்று தெரியவரும்போது, அந்த எடையைத் தப்பு என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பரிதாபப்படாமல் ஒரு பெண்ணை மதிக்கத் தெரிந்த புத்தகம் இது. மற்றவை சறுக்கிய இடத்தில் இது நிற்கிறது.

ஆனால் இங்கேயும் கணக்கு சிதறித்தான் கிடக்கிறது. வாடகை ஒரு பக்கத்தில், ஒப்பனை இன்னொரு பக்கத்தில், வந்து ஒட்டிக்கொள்ளும் அம்மாவின் செலவு வேறொரு பக்கத்தில். எல்லாவற்றையும் வாசகர்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால்தான், இவ்வளவு சம்பாதித்த பெண்ணின் கையில் ஏன் ஒன்றும் நிற்கவில்லை என்பது புரியும்.

சரி, நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் நான் போட்டுக்கொண்டவை. முறைதான் முக்கியம், தொகையை உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

சின்ன ஊரில் ஒருத்தி மாதம் 20 நாள் ஆடுகிறாள். நாளுக்குக் கைக்கு 1,000 ரூபாய். மாதம் 20,000. வாடகை 3,000, சாப்பாடு 4,000, இதர செலவு 2,000. மொத்தம் 9,000 போக மிச்சம் 11,000.

பெரிய நகரத்துக்குப் போகிறாள். அதே 20 ராத்திரி, ராத்திரிக்கு 3,000. மாதம் 60,000! ஊரில் எல்லோரும் இந்தத் தொகையைத்தான் கேள்விப்படுகிறார்கள். இனி கழியுங்கள். பார் முதலாளி பங்கு பாதி என்று வைத்துக்கொண்டால் 30,000 போயிற்று. பங்கிட்டு இருக்கும் அறைக்கு வாடகை 12,000. ஆட்டம் முடியும் நேரத்தில் மின்சார ரயில் இருக்காது, ஆட்டோவுக்கு ராத்திரிக்கு 200 என்றால் 4,000. உடுப்பும் பியூட்டி பார்லரும் 6,000. சாப்பாடு 6,000. ஆகமொத்தம் 58,000. மிச்சம் 2,000.

வருமானம் மூன்று மடங்கு. மிச்சம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இதில் அறைக்குக் கொடுத்த முன்பணம், புரோக்கர் கமிஷன், காய்ச்சலில் படுத்த ஒரு வாரம், வீட்டுக்கு அனுப்ப வேண்டியது எதுவுமே சேரவில்லை. அதற்கெல்லாம் வட்டிக்கு வாங்குவாள். அப்புறம் ஊர் திரும்ப நினைத்தாலும் முடியாது. 'அவ்வளவு சம்பாதிச்சவ காசை என்ன பண்ணினா?' என்று ஊர் கேட்கும். இன்னொரு பழம் எங்கே?

இது நம்ம நாட்டுச் சங்கதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் உடை களைந்து ஆடும் கிளப்புகள் பலவற்றில், ஆடுகிற பெண்தான் கிளப்புக்குப் பணம் கட்ட வேண்டும். 'ஹவுஸ் ஃபீ' என்று பெயர். நம்ம ஊர்ச் சந்தையில் கடை போடுகிறவர் தரை வாடகை கொடுப்பது மாதிரி. கூட்டமே வராத ராத்திரியில் ஆடிவிட்டுக் கைக்காசு இழந்து வீடு திரும்புகிறவர்கள் உண்டு. எந்த நகரத்தில் டிப்ஸ் அதிகம் என்று கேட்டு ஊர் மாறுகிறவர்கள், அங்கே கிளப் கட்டணம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்க மறந்தால் தொலைந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 'லஸ்டி லேடி' என்ற கிளப்பின் ஆட்டக்காரிகள் 1990-களிலேயே சங்கம் வைத்து, 2003-ல் கிளப்பையே கூட்டுறவாக வாங்கி நடத்தினார்கள். வாடகைத் தகராறில் சிக்கி 2013-ல் அதுவும் மூடப்பட்டது. பத்து வருஷம் கழித்து, 2023-ல் லாஸ் ஏஞ்சலிஸின் 'ஸ்டார் கார்டன்' பெண்கள் நாடக நடிகர்களின் சங்கத்தில் சேர்ந்தார்கள். அவர்கள் கேட்டதில் பாதுகாப்பும் இருந்தது, கணக்கும் இருந்தது.

இங்கே என்ன நடந்தது? 2005 ஆகஸ்டில் மகாராஷ்டிர அரசு டான்ஸ் பார்களைத் தடை செய்தது. பெண்களின் மானத்தைக் காப்பாற்ற என்றார்கள். ஆனால் மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கும் அதற்கு மேலும் விலக்கு. அதாவது மானம் நட்சத்திரத்தைப் பொறுத்தது! 2006-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2013 ஜூலையில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 75,000 பெண்கள் வேலை இழந்ததையும், வேறு வழியில்லாமல் பலர் உடலை விற்க நேர்ந்ததையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. அரசு மறுபடி சட்டம் போட, 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதிலும் பல நிபந்தனைகளை நீக்கியது. ஆடுகிறவளுக்கு டிப்ஸ் கொடுக்கலாம், ரூபாய் நோட்டை மேலே வீசக் கூடாது என்று தெளிவுபடுத்தியது.

தீர்ப்பு வருவதற்கே எட்டு வருஷம். ஆடுகிற உடம்புக்கு எட்டு வருஷம் என்றால் பாதித் தொழில் ஆயுள். அதற்குள் லீலாக்கள் எங்கே போனார்கள்? ஃபலேரோவின் புத்தகம் முடியும் இடத்தில் லீலாவின் கண் துபாய் மேல் இருக்கிறது. மீரட்டிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து துபாய். ஒவ்வொரு ஊர் மாற்றமும் முந்தைய ஊரின் கடனை அடைக்க. புத்தகத்தை மூடும்போது எனக்குத் துக்கத்தைவிட எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு நெருக்கமாக இருந்த எழுத்தாளர், அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று எழுதி நமக்கும் காட்டியிருக்கக் கூடாதா? 'அது இலக்கியத்தின் வேலையா சார்?' என்று நீங்கள் கேட்கலாம். லீலா தன் பெருமையாகச் சொல்வதே சம்பாத்தியத்தைத்தானே? அப்படியானால் அந்தப் பெருமையின் கணக்கு, அவள் கதையின் நடுமுதுகு இல்லையா?

துபாய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2019-ல் கோவைப் பக்கத்துப் பெண்கள் நான்கு பேர், விழா நடத்தும் கம்பெனியில் வேலை என்று துபாய் போய், டான்ஸ் பாரில் ஆடச் சொல்லி அடைத்து வைக்கப்பட்டார்கள். ஊருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியால் விஷயம் வெளியே வந்து, இந்தியத் துணைத் தூதரகம் தலையிட்டு மீட்டது. பெண்கள் மட்டும்தான் மாட்டுவார்கள் என்றில்லை. ஈரானுக்கு மீன்பிடிக்கப் போன நம்ம மாவட்டத்து ஆட்கள் 2020-ல் கொரோனா முடக்கத்தில் கையில் காசில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தார்கள். ஜூலை 1-ம் தேதி ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் அறுநூற்றுச் சொச்சம் பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டு வந்து சேர்த்தது. போகும்போது எல்லோரும் மீன் விலையைத்தான் கேட்டிருந்தார்கள்.

அப்படியானால் போகவே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. குளச்சல்காரன் எந்த வாயால் சொல்வது? 1741-ல் இங்கே தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், ஜெயித்த மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர் படைத்தலைவராகி, உதயகிரிக் கோட்டையில் அடங்கினார். ஊர் மாறிப் பிழைப்பது நம்ம மண்ணின் பழைய பாடம். எங்கள் தெருவில் பாதி வீடு வளைகுடாப் பணத்தில் கட்டியது. அவர்கள் போனால் 'தைரியசாலி', ஆடப் போகிற பெண் போனால் 'ஐயோ பாவம்', அல்லது அதைவிட மோசமான ஒரு சொல். இரண்டுமே அவள் வேலையை வேலையாகப் பார்க்க மறுக்கிற சொற்கள். வேலையாகப் பார்த்தால்தான் கூலி பற்றிப் பேச முடியும். பாவமாகப் பார்த்தால் பிச்சை பற்றித்தான் பேச முடியும்.

இந்தப் படங்கள், புத்தகங்கள் மீது என் குற்றச்சாட்டு இவ்வளவுதான். நல்லெண்ணத்தில் குறை இல்லை. நம்மை அழ வைக்கிறார்கள், எண்ண வைப்பதில்லை. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் நடுவில் இருப்பதுதான் அந்தப் பெண்ணின் சுதந்திரம். 11,000 மிச்சம் உள்ளவள் ஒரு ராத்திரி 'இன்னைக்கு ஆட மாட்டேன்' என்று சொல்லலாம். 2,000 மிச்சம் உள்ளவள் சொல்ல முடியாது. கலைஞர் நலன், பெண் மானம் என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் அந்த 9,000 ரூபாய் வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

அடுத்த வருஷக் கொடைக்கும் அதே செட்டு வந்தது. அந்தப் பெண்ணைக் காணோம். நாயனக்காரரிடம் கேட்டேன்.

"போயிருச்சு சார்" என்றார்.

"துபாய்க்கா?"

"இல்ல சார். அந்த ஆளு வீடு தேடி வந்தான். எங்க செட்டுத் தலைவர் முன்னாடி வச்சே, கழிச்சு மிச்சம் எவ்வளவு, எழுதிக் குடுன்னு கேட்டுச்சு. ரிட்டர்ன் டிக்கெட் யாரு எடுப்பா, பாஸ்போர்ட் யாருகிட்ட இருக்கும்னும் கேட்டுச்சு. அப்ப எந்திரிச்சுப் போனவன்தான். இப்ப திண்டுக்கல் பக்கம் வேற செட்டுல ஆடுது. அங்க கொஞ்சம் கூடக் குடுக்கிறாங்க. அக்கா வீடு இருக்கு, வாடகை கிடையாது."

பாட்டாவிடம் போய்ச் சொன்னேன். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா வீட்டுக்கு மாசம் எவ்வளவு குடுக்காளாம்?"

நான் அதைக் கேட்டு வைக்கவில்லை. பாருங்கள், எனக்கும் கணக்கு வரவில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வெளியூர் வேலைக்குக் கிளம்பினால், ஆடப் போனாலும் சரி, கம்ப்யூட்டர் தட்டப் போனாலும் சரி, சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அதை ஊரே கேட்கும். நீங்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.